பையனை யார் பார்த்துக்கொள்வது?

(கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'இசையும் உழைப்பும்' என்று ஒரு தலைப்பைக் கொடுத்து அரைமணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். என்னுடைய முனைவர் பட்ட ஆய்வும் இசைக்கலைஞர்களின் கூலியைப் பற்றியதுதான். ஆனால் அதையெல்லாம் அரைமணியில் அடைக்கப் பார்த்தால் உங்களுக்கும் மிஞ்சாது, எனக்கும் மிஞ்சாது. அதனால் ஒரேயொரு கேள்வியோடு வந்திருக்கிறேன். பதின்மூன்று, பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று தன்னைவிட மூத்தவர்களோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறது, வாசிக்கிறது. அந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

கேட்டால் எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கிறது. "அப்பாவோ அம்மாவோ கூடப் போகணும்." எதற்கு? "பெரியவங்ககூடச் சேர்ந்து கெட்டுப்போகாம இருக்க." பீடி, சாராயம், ராத்தூக்கம் இல்லாமை. பெண்பிள்ளை என்றால் இன்னும் பத்துப் பயம். இந்தப் பயங்கள் பொய்யில்லை. ஆனால் கேள்வியின் சின்னப் பாதிதான் இது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது யார்? வந்த பணத்தை எண்ணுவது யார்? "நாளைக்கு இவனுக்குப் பரீட்சை, வரமாட்டான்" என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? இதுதான் பெரிய பாதி. ஒடுக்கப்பட்ட வீட்டுப் பெற்றோரிடம் பாசத்துக்குக் குறைவில்லை. இந்த அதிகாரம்தான் அவர்களிடம் இல்லை. பிள்ளையோடு பஸ்ஸில் உட்கார்ந்து போவதால் மட்டும் அது வந்துவிடாது.

இதைப் பேசுவதற்கு அமெரிக்காவின் இரண்டு கறுப்பினப் பிள்ளைகளை எடுத்துக்கொள்கிறேன். இருவருக்கும் எட்டு வயதுதான் வித்தியாசம். இருவரும் பதின்மூன்று வயதில் நாடறிந்த பாடகர்கள். ஒருவர் 25 வயதில் செத்துப்போனார். இன்னொருவர் இன்றும் பாடிக்கொண்டிருக்கிறார்.

முதல் பிள்ளை ஃபிரான்கி லைமன். 1942-இல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா லாரி ஓட்டுநர், அம்மா வீட்டு வேலை செய்தவர். இருவருமே தேவாலயப் பாடல் குழு ஒன்றில் பாடியவர்கள். பையனுக்குப் பாட்டு வீட்டிலிருந்தே வந்தது. வீட்டில் பணம்தான் இல்லை. பத்து வயதில் மளிகைக் கடையில் வேலைக்குப் போனான். பள்ளிக்கூடத்தில் நான்கு பேர் ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். அதில் ஜிம்மி மெர்ச்சன்ட், ஷெர்மன் கார்ன்ஸ் இருவரும் கறுப்பினப் பையன்கள். ஹெர்மன் சாண்டியாகோ, ஜோ நெக்ரோனி இருவரும் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். எல்லோரும் ஃபிரான்கியைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர்கள். ஃபிரான்கி கடைசியாக வந்து சேர்ந்தான். குரல் மட்டும் முதலில் போய் நின்றது.

'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' என்ற அவர்களுடைய பாட்டு 1956 ஜனவரியில் வெளிவந்தது. அமெரிக்காவில் ஆறாவது இடம், பிரிட்டனில் முதலிடம். அடுத்த ஆண்டே கடல் கடந்து லண்டன் பல்லேடியம் அரங்கில் மேடையேறினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஐந்து பேர்!

இங்கே கொஞ்சம் நிற்போம். அந்தப் பாட்டை எழுதியது யார்? இசைத்தட்டில் ஃபிரான்கியின் பெயரோடு, தட்டு வெளியிட்ட ஜார்ஜ் கோல்ட்னரின் பெயரும் ஏறியது. கோல்ட்னர் சூதாட்டக் கடனாளி. பிறகு தன் பங்கை மாரிஸ் லெவி என்ற முதலாளிக்கு விற்றார். அதற்குப்பின் பாட்டாசிரியர் என்ற இடத்தில் லெவியின் பெயர் வந்து உட்கார்ந்தது. பாட்டு பிறந்தபோது அந்த மனிதர் பக்கத்திலேயே இல்லை. மூத்த பையன்களான சாண்டியாகோவும் மெர்ச்சன்டும் தாங்கள்தான் பாட்டை உருவாக்கியதாக 1987-இல் வழக்குப் போட்டார்கள். அதற்குள் கார்ன்ஸ், நெக்ரோனி இருவரும் இறந்துவிட்டார்கள். 1992-இல் நியூயார்க்கில் நடுவர் குழு இவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. பாட்டை இவர்கள் எழுதவில்லை என்று அது சொல்லவில்லை. மூன்றாண்டுக் காலக்கெடுவுக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்றது. பதினைந்து வயதில் பறிபோனதைக் காலக்கெடுவுக்குள் வந்து கேள் என்கிறது சட்டம். நம் ஊரில் பஞ்சமி நில ஆவணங்களோடு அலுவலகம் அலுவலகமாக அலையும் ஒரு குடும்பத்திடம் இந்தத் தீர்ப்பைப் படித்துக் காட்டினால் அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

குழுவை உடைத்ததும் தட்டு முதலாளிகள்தான். 1957-இல் ஃபிரான்கியைத் தனியாகப் பிரித்து விற்கப் பார்த்தார்கள். அதே ஆண்டு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. ஆலன் ஃபிரீட் நடத்திய 'பிக் பீட்'. பார்வையாளர்கள் ஆடும் நேரத்தில் ஃபிரான்கி ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு சேர்ந்து ஆடினான். தென் மாநிலங்களின் தொலைக்காட்சி நிலையங்கள் கொதித்தன. நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. பதினான்கு வயதுப் பையன் ஒரு பெண்ணோடு ஆடியதற்கு! இங்கே உட்கார்ந்திருக்கும் யாருக்கும் இதை நான் மொழிபெயர்க்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். இளவரசனையும் கோகுல்ராஜையும் அறிந்த மாநிலம் இது.

குரல் உடைந்தது. ஆண்பிள்ளைக்குக் குரல் உடைவது இயற்கை. ஆனால் அந்தக் குரலை மட்டுமே முதலாகப் போட்டவர்களுக்கு அது நட்டம். போதை ஊசி பதினைந்து வயதிலேயே தொடங்கிவிட்டது. 1968 பிப்ரவரி 27 அன்று, நியூயார்க்கில் தன் பாட்டி வீட்டுக் குளியலறையில், ஹெராயின் ஊசியால் இறந்துகிடந்தார். வயது 25. கல்லறையில் நெடுங்காலம் பெயர்கூட இல்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாகச் சொல்வது, "பையன் சீக்கிரமே கெட்டுப்போனான், வீட்டில் கண்டிப்பு இல்லை" என்பது. இந்த வாக்கியத்தைத்தான் நான் சந்தேகிக்கச் சொல்கிறேன். பையனின் ஒழுக்கத்தைப் பற்றி ஆயிரம் பேர் பேசினார்கள். லெவியின் கணக்கு நோட்டை யார் பார்த்தார்கள்? (லெவி 1988-இல் மிரட்டிப் பணம் பறிக்கச் சதி செய்த வழக்கில் தண்டிக்கப்பட்டார், இது வேறு விவகாரம். ஆனால் சிறைக்குப் போகும் முன்பே, 1990-இல் இறந்துபோனார். முதலாளிகளுக்குச் சாவும் நேரம் பார்த்துத்தான் வருகிறது.)

இனி இரண்டாவது பிள்ளை. பெயரைச் சொன்னால் உங்களில் பலருக்குத் தெரியும். ஸ்டீவி வொண்டர்.

1950 மே 13 அன்று மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தார். குறைப்பிரசவம். பிறந்த சில நாட்களிலேயே பார்வை போய்விட்டது. அம்மா லூலா மே ஹார்ட்வே அலபாமாவில் பிறந்து வடக்கே வந்த பெண். வறுமை, கணவனின் கொடுமை எல்லாவற்றையும் பார்த்தவர். பையன் மவுத் ஆர்கன், பியானோ, போங்கோ, டிரம்ஸ் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்தான். 1961-இல், பதினொரு வயதில், டெட்ராய்ட் நகரத்தின் மோட்டவுன் நிறுவனத்தில் ஒப்பந்தம் ஆனது. மோட்டவுன் ஒரு கறுப்பரான பெர்ரி கார்டி நடத்திய நிறுவனம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'நம்ம ஆள் நடத்தும் நிறுவனம்' என்றால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

முதலில், கிடைத்தது. 1962 நவம்பர் தொடக்கத்தில் மோட்டவுன் தன் பாடகர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய சுற்றுப்பயணம் கிளம்பியது. 'மோட்டார்டவுன் ரெவ்யூ' என்று பெயர். வாஷிங்டனில் தொடங்கித் தென் மாநிலங்கள் வழியாக, டிசம்பரில் நியூயார்க்கின் அப்பல்லோ அரங்கில் முடிந்தது. ஸ்மோக்கி ராபின்சன், மேரி வெல்ஸ், மார்வின் கே, சுப்ரீம்ஸ் எல்லோரும் அதில் இருந்தார்கள். எல்லோரும் இளைஞர்கள்தான். ஆனாலும் பன்னிரண்டு வயதுக் கண் தெரியாத பையனுக்கு அவர்கள் அண்ணன்மார், அக்காமார்.

கறுப்பர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, தனித்தனித் தண்ணீர்க் குழாய், தனித்தனி இருக்கை என்று சட்டம் இருந்த மாநிலங்கள் அவை. பெட்ரோல் பங்கில் கழிப்பறையைப் பயன்படுத்தக்கூடாது என்று விரட்டியிருக்கிறார்கள். அலபாமாவின் பர்மிங்காமில் நிகழ்ச்சி முடிந்து ஏறும்போது அவர்களுடைய பஸ்ஸை நோக்கித் துப்பாக்கியால் சுட்டிருக்கிறார்கள். அதே பயணத்தில் கார் விபத்து ஒன்று நடந்தது. அதில் ஓட்டுநர் இறந்துபோனார். பயணத்துக்குப் பொறுப்பாக இருந்தவரும் சாக்ஸபோன் கலைஞருமான பீன்ஸ் பவுல்ஸுக்குப் பலத்த காயம். இந்த ஆபத்துகளில் எதையாவது ஒரு அம்மா கூட வந்திருந்தால் தடுத்திருக்க முடியுமா? அந்தப் பெண்ணும் அதே கழிப்பறை வாசலிலிருந்துதான் விரட்டப்பட்டிருப்பார். 'பெற்றோர் மேற்பார்வை' என்ற சொல்லே பெற்றோருக்குச் சமூகத்தில் ஓர் இடம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு பேசும் சொல். நிறவெறியும் சாதியும் முதலில் பறிப்பது பெற்றோரின் அந்த இடத்தைத்தான். பிள்ளையின் கண்முன்னால் அப்பாவை "டேய்" என்று கூப்பிடுவது எதற்காக என்று நினைக்கிறீர்கள்?

அந்தப் பிள்ளையை மூத்தவர்கள் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்கு ஒரு ஒலிச்சான்றே இருக்கிறது. சிகாகோவின் ரீகல் அரங்கில் நேரடியாகப் பதிவான 'ஃபிங்கர்டிப்ஸ்'. அதன் இரண்டாம் பாகம் 1963 ஆகஸ்டில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அப்போது அவனுக்கு வயது 13. இன்றைக்கே வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். பாட்டு முடிந்துவிட்டது. அடுத்துப் பாடவேண்டியவர் மேரி வெல்ஸ். அவருடைய வாத்தியக்காரர்கள் மேடையேறிக்கொண்டிருக்கிறார்கள். பையனுக்கோ இறங்க மனமில்லை, திரும்பிவந்து மவுத் ஆர்கனை எடுத்துவிட்டான். அப்போதுதான் வந்து நின்ற பேஸ் கிட்டார் கலைஞர் ஜோ ஸ்விஃப்ட், எந்தச் சுருதி என்று பதற்றமாகக் கேட்டுக் கத்துகிறார். அந்தக் கத்தலும் தட்டிலேயே பதிவாகியிருக்கிறது. பெரியவர் ஒருவர் பையனின் சுருதியைக் கேட்டு அதற்குத் தன் கையை மாற்றிக்கொள்கிறார். மேடையில் பையன் தலைவன்.

மேடைக்கு வெளியே அவனுக்கு வாத்தியார் கிளாரன்ஸ் பால். 'ஃபிங்கர்டிப்ஸ்' பாட்டை ஹென்றி காஸ்பியோடு சேர்ந்து எழுதியவர் அவர்தான். பையனைவிட இருபத்திரண்டு வயது மூத்தவர். பாட்டுத் தேர்வு, மேடை ஒழுங்கு, பயணத் துணை எல்லாம் அவரே. இறங்க மறுக்கும் பையனை மேடையிலிருந்து தூக்கிக்கொண்டு போவதும் அவர் வேலைதான். ஒரு குழுவில் மூத்த கலைஞன் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

பாட்டு ஓட ஓடப் பள்ளிக்கூடம் பின்னால் போனது. டெட்ராய்ட் கல்வி நிர்வாகம் தலையிட்டது. இப்படிப் பள்ளிக்கு வராமல் பாடிக்கொண்டு திரிய முடியாது என்று சொல்லிவிட்டது. அப்புறம் நடந்த ஏற்பாடு முக்கியமானது. லான்சிங் நகரத்தில் இருந்த பார்வையற்றோர் பள்ளியில் அவனைச் சேர்த்தார்கள். டெட் ஹல் என்ற இளம் ஆசிரியர் ஒருவரைப் பயணங்களில் கூடவே அனுப்பினார்கள். அவருக்கும் பார்வைக் குறைவு உண்டு. பஸ்ஸிலும் ஓட்டல் அறையிலும் பாடம். பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை அது தொடர்ந்தது. அரசு "முடியாது" என்று சொன்னதால் வந்த ஆசிரியர் அவர். நிறுவனம் தானாகக் கொடுத்ததல்ல. இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஃபிரான்கிக்கும் ஸ்டீவிக்கும் திறமையில் வித்தியாசம் இல்லை, அம்மாவின் அன்பிலும் வித்தியாசம் இல்லை. ஸ்டீவி பக்கம் "முடியாது" என்று சொல்லக்கூடிய ஒரு கை இருந்தது.

இப்போது கிடைக்காததற்கு வருகிறேன். அந்த ஒப்பந்தத்தின்படி பையனுக்கு வாரம் இரண்டரை டாலர் கைச்செலவு. அம்மாவுக்கும் செலவுக்கென்று வாரப்பணம். பாட்டில் வரும் பங்குத்தொகை மொத்தமும் அவனுக்கு 21 வயது ஆகும்வரை தனிக் கணக்கில் கிடக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிள்ளையின் பணத்தைப் பெரியவர்கள் தின்றுவிடாமல் பூட்டி வைப்பது. இதற்கு அமெரிக்காவில் ஒரு முன்கதை உண்டு. சார்லி சாப்ளினின் 'தி கிட்' படத்தில் நடித்த சிறுவன் ஜாக்கி கூகன், 21 வயதாகித் திரும்பிப் பார்த்தபோது சம்பாதித்ததையெல்லாம் பெற்ற தாயும் வளர்ப்புத் தந்தையும் செலவழித்திருந்தார்கள். வழக்குப் போட்டுக் கடைசியில் அவர் கைக்கு வந்தது ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம் டாலர். அதன் விளைவாக 1939-இல் கலிஃபோர்னியாவில் குழந்தைக் கலைஞர்களின் வருமானத்தைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. ஆக, பெற்றோர் என்ற சொல்லை மட்டும் நம்பிச் சட்டம் எழுத முடியாது என்பது அங்கே முன்பே தெரிந்த விஷயம்.

1971 மே மாதம் ஸ்டீவிக்கு 21. பூட்டு திறந்தது. கைக்கு வந்தது பத்து லட்சம் டாலர் என்று பரவலாகப் பதிவாகியிருக்கிறது. பத்தாண்டுகள் அந்த நிறுவனத்துக்கு இத்தனை வெற்றிப் பாடல்களைக் கொடுத்த கலைஞனுக்கு அது மிகக் குறைவு. பணம் பத்திரமாக இருந்தது, சரி. எவ்வளவு பங்கு என்று பதினொரு வயதில் எழுதியது யார்? பூட்டின் சாவி அவன் கையில் வந்தது. பெட்டியின் அளவை முன்பே வேறு ஆள் தீர்மானித்துவிட்டார்.

ஆனால் அவர் அடுத்துச் செய்ததைப் பாருங்கள். உடனே மறு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. வந்த பணத்தில் நியூயார்க்குக்குப் போய்த் தன் செலவிலேயே ஒலிப்பதிவு செய்தார். வழக்கறிஞர் ஒருவரை வைத்துக்கொண்டு மோட்டவுனோடு பேரம் பேசினார். தன் பாடல்களின் உரிமைக்குத் தனக்கென்று ஒரு பதிப்பு நிறுவனம், என்ன பாட வேண்டும் என்பதில் முழுச் சுதந்திரம், கூடுதல் பங்கு எல்லாம் வாங்கிக்கொண்டுதான் உள்ளே வந்தார். எழுபதுகளில் அவர் செய்த இசையில் பெரும்பகுதி அந்தப் பேரத்துக்குப் பின்னால் வந்தது. அம்மா லூலாவைப் பற்றி ஒரு வார்த்தை: 'சைன்ட், சீல்ட், டெலிவர்ட்' என்ற 1970-ஆம் ஆண்டுப் பாட்டின் ஆசிரியர்களில் அவரும் ஒருவர். பிள்ளையின் பாட்டில் அம்மாவின் பெயர் ஆசிரியராக ஏறியிருக்கிறது. மாரிஸ் லெவியின் பெயர் ஏறியதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"அப்பாவே மேலாளராக இருந்தால் பிரச்சினை தீர்ந்ததா?" என்று யாராவது கேட்கலாம். அதற்கும் அதே நிறுவனத்திலேயே பதில் உண்டு. ஜாக்சன் 5. அப்பா ஜோ ஜாக்சன் இரும்பாலைத் தொழிலாளி. ஐந்து பிள்ளைகளை வைத்துக் குழு நடத்தினார், கூடவே போனார், கண் எடுக்காமல் பார்த்தார். அவர் அடித்ததைப் பற்றி மைக்கேல் ஜாக்சன் 1993-இல் தொலைக்காட்சியிலேயே பேசினார். 1975-இல் அவர்கள் மோட்டவுனை விட்டு விலகியபோது 'ஜாக்சன் 5' என்ற பெயர் நிறுவனத்தோடு போய்விட்டது. சொந்தக் குடும்பப் பெயர்! அப்பா ராத்திரி பகலாகப் பிள்ளைகளைப் பார்த்தார், காகிதத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் ரோஸ் ஃபைன் என்ற ஆசிரியை பயணங்களில் கூடவே போனார். மைக்கேல் கடைசிவரை நன்றியோடு நினைவுகூர்ந்த பெயர்களில் அதுவும் ஒன்று.

சரி, இங்கே என்ன நிலைமை? இதைச் சொல்லாமல் போனால் நான் அமெரிக்கக் கதை சொல்லிவிட்டுப் போன மாதிரி ஆகிவிடும்.

2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். பதினான்கு வயதுக்குள் வேலை கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இரண்டு வாசல்களைத் திறந்து வைத்தார்கள். ஒன்று, குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம். இன்னொன்று, திரைப்படம், தொலைக்காட்சி, பொழுதுபோக்கு போன்றவற்றில் கலைஞராக வேலை செய்யலாம். இரண்டாவது வாசலுக்கு 2017-இல் விதிகள் எழுதினார்கள். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைப் பிள்ளையின் பெயரில் தேசிய வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். குறை இருக்கிறது, ஆனாலும் ஏதோ இருக்கிறது.

முதல் வாசலைப் பாருங்கள். 'குடும்பம்' என்றால் அப்பா அம்மா மட்டுமல்ல, சித்தப்பா, மாமா, அத்தை எல்லோரும் வருகிறார்கள். எந்தத் தொழிலைக் குடும்பமாகச் செய்வார்கள் இந்த நாட்டில்? சாதிக்கு ஒதுக்கிய தொழிலை. 1953-இல் ராஜாஜி பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் அப்பன் தொழில் என்று கொண்டுவந்தார். பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி அடித்து விரட்டினார். அடுத்த ஆண்டே ராஜாஜி பதவியை விட்டுப் போனார், காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். அறுபதாண்டுகள் கழித்து டெல்லி வழியாக அது வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. குடும்பத் தொழிலுக்கும் விதி இல்லாமல் இல்லை, இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை கூடாது என்று இருக்கிறது. நம் ஊரில் சாமி புறப்பாடு எத்தனை மணிக்கு? சாவு மேளத்துக்கு நேரம் உண்டா?

பதினான்கு முடிந்த பையனுக்கு இந்த 20 விழுக்காடும் இல்லை, பொறுப்பாளரும் இல்லை. ஆபத்தான தொழில்கள் என்ற பட்டியலில் இல்லாத எதையும் அவன் செய்யலாம். பதினெட்டு ஆகும்வரை அவன் போடும் கையெழுத்துச் செல்லாது. ஆக, பதினைந்து வயதுப் பறைக் கலைஞன் சட்டத்தின் கண்ணில் உழைக்கும் அளவுக்குப் பெரியவன், கணக்குக் கேட்கும் அளவுக்குச் சின்னவன்.

களத்தில் நான் சில மாதங்கள் கூடப் போன ஒரு செட்டில் அப்படி ஒரு பையன் இருந்தான். ஊர், பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. ஒன்பது பேர் கொண்ட செட்டு, சித்தப்பாதான் வாத்தியார். பையனுக்கு அரைப் பங்கு. அதுவும் சித்தப்பா கைக்குப் போய், அங்கிருந்து அம்மா கைக்குப் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விழா. திங்கட்கிழமை காலையில் அவனுக்கு அரையாண்டுப் பரீட்சை. அம்மா, நிகழ்ச்சிக்கு ஆள் பிடிக்கும் காண்டிராக்டருக்குப் போன் போட்டு, பத்து மணிக்குள்ள பையனை அனுப்பிவிடச் சொல்லிக் கேட்டார். அந்த ஆள் சிரித்துக்கொண்டே, "பரீட்சை எழுதி உம் மவன் கலெக்டராவப் போறானா?" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நாங்கள் எல்லோரும் கேட்டோம். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அச்சாரம் வாங்கியாகிவிட்டது, அடுத்த மாதம் அதே ஆளிடம் நான்கு நிகழ்ச்சி இருந்தது. அன்று இரவு முடிய இரண்டரை மணி. கூலியோடு இரண்டு குவார்ட்டர் பாட்டிலும் தந்தார்கள். செட்டில் வயதான கலைஞர் ஒருவர் அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். "சின்னப் புள்ள இருக்கு, காசாக் குடு" என்றார். காசு வரவில்லை. ஆனால் பாட்டிலும் வண்டியில் ஏறவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீவியின் மவுத் ஆர்கனும் இந்தப் பையனின் பறையும் ஒன்றல்ல. பறையை நம் மக்கள் மீது கடமையாகச் சுமத்தினார்கள். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்ததும் நம் போராட்டம்தான். அதையே விடுதலையின் இசையாக மேடையில் எடுத்ததும் நம் போராட்டம்தான். அதனால்தான் பையனை வைத்துப் பறை அடிக்கும் இடத்தில் நம் தோழர்களுக்கு ஒரு கூடுதல் பொறுப்பு இருக்கிறது. நம் மாநாட்டு மேடைகளிலும் பதினைந்து வயதுப் பிள்ளைகள் அடிக்கிறார்கள். ஆடுகிறார்கள், நாம் விசிலடிக்கிறோம். அவனுக்கு எவ்வளவு கொடுத்தோம், யார் கையில் கொடுத்தோம், எத்தனை மணிக்கு அனுப்பினோம் என்று கேட்டால் எத்தனை ஏற்பாட்டாளரால் பதில் சொல்ல முடியும்? மோட்டவுனும் 'நம்ம ஆள்' நடத்தியதுதான்.

பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. அந்தச் செட்டில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். பத்து வயது தாண்டிய பிள்ளை தன் பெயரிலேயே அஞ்சலகச் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். பையனுக்கு ஒன்று தொடங்கினார்கள். அவனுடைய பங்கை அன்றன்றைக்கு ஒரு நோட்டில் தனியாக எழுதுகிறார்கள். எழுதுவது அந்த வயதான கலைஞரின் மகள், பிளஸ் டூ படிக்கிறாள். வாத்தியார் ஒரு கையெழுத்து, பையனின் அம்மா ஒரு கையெழுத்து. அச்சாரம் வாங்கும்போதே, பள்ளி நாளுக்கு முந்தின ராத்திரி பையன் வரமாட்டான் என்று சொல்லிவிடுகிறார்கள். இதனால் ஒரு காண்டிராக்டர் கைவிட்டுப் போனார். இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். அரைப் பங்கு இன்னும் அரைப் பங்காகத்தான் இருக்கிறது. அதை முழுப் பங்காக்கச் சொல்லி அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார், சித்தப்பா இழுத்துக்கொண்டிருக்கிறார். போன வாரம்கூடச் சண்டை.

நேரம் ஆகிவிட்டது என்று தோழர் கை காட்டுகிறார். கேள்விகளைக் கேளுங்கள், எனக்குப் பத்தரைக்குத்தான் பஸ்.